காய்ச்சலுக்குக் கால் கிடையாது

திங்கட்கிழமை காலை மழலையர் பள்ளிக்குக் காய்ச்சல் வந்தபோது, கோகிலவாணி அதை உட்காரச் சொன்னாள். வந்தவர்களை நிற்க வைத்துப் பேசுவது அங்கே வழக்கமில்லை.

காய்ச்சல் தானாக நடந்து வரவில்லை. நாலு வயது ரித்தீஷ் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தான். வட்ட முகம், சிவந்த கன்னம், சலவை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. இன்சூரன்ஸ் பிடிக்க வந்த ஆள் போலிருந்தது. பையனைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் எடை இல்லை போலிருக்கிறது. அவன் ஒரு கையில் காய்ச்சலையும் மறு கையில் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு படியேறினான். வேட்டிக்குக் கீழே கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வேட்டி மட்டும் அங்கே மடிப்புக் கலையாமல் தொங்கியது.

உடுமலைப்பேட்டையில் தக்காளி மண்டிகளுக்குப் பின்னால் இருந்தது பள்ளி. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு வாதாம் மரம். கோகிலவாணிதான் டீச்சர், அவள்தான் நிர்வாகம். மாராத்தாள் ஆயா. பெற்றவர்கள் மில்லுக்கும் மண்டிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள். காலையில் குழந்தையை இறக்கிவிட்டு ஓடுவார்கள்.

காய்ச்சலுக்குக் கோகிலவாணி தன் நாற்காலியைக் கொடுத்தாள். யார் என்று விசாரித்தாள்.

"தக்காளிக் காய்ச்சலுங்க" என்றது. பெயரைச் சொல்லும்போது கூச்சப்பட்டது. தக்காளியை நம்பிப் பிழைக்கிற ஊரில் இந்தப் பெயரோடு வந்து நிற்பது சங்கடம்தான் என்று ஒப்புக்கொண்டது. கை, கால், வாயில் சிவப்பாகக் கொப்புளம் போடுவதைப் பார்த்து யாரோ வைத்த பெயராம். தக்காளிக்கும் தனக்கும் எந்தச் சொந்தமும் இல்லையாம். வகுப்பில் இருக்கிற எல்லாக் குழந்தைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றும் சொன்னது.

அப்புறம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"சன்னலோரமா உக்காந்திருக்குதே, அந்தப் பாப்பா பேரென்னுங்க?"

கோகிலவாணி பெயரைச் சொல்லவில்லை. எழுந்து போய்க் குறுக்கே நின்றுகொண்டாள்.

அந்தக் குழந்தை மிதுனா. சிறுநீரகக் கோளாறுக்காகப் பல மாதமாக மாத்திரை சாப்பிடுகிறவள். மாத்திரையால் முகம் உப்பியிருக்கும். அந்த மாத்திரை நோயை அடக்கியதோடு உடம்பின் காவலாட்களையும் தூங்க வைத்துவிட்டது. காது வைத்துக் கேட்டால் மிதுனாவின் முதுகுக்குள் அவர்கள் குறட்டை விடுவது கேட்கும். மற்றக் குழந்தைகள் ஒரு வாரத்தில் உதறிவிட்டு எழுந்துவிடுகிற காய்ச்சல்கூட இவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அந்தப் பக்கம் நீங்க போக முடியாதுங்க" என்றாள் கோகிலவாணி.

காய்ச்சல் சிரித்தது. "நான் எங்கெயும் போறதில்லீங்க டீச்சர். எனக்குக் கால் கிடையாது. யாராவது தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

அது பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. கோகிலவாணி முதல் வேலையாகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மிதுனாவின் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

நடராசு தக்காளிப் பெட்டி ஏற்றுகிற சின்ன லாரி ஓட்டுகிறவன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மண்டி வாசலில் பாதி இறக்கிய லோடோடு அப்படியே வந்தான். பின்வாசல் வழியாக மிதுனாவை வாங்கிக்கொண்டான். குழந்தையை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். கோகிலவாணி தலையசைத்தாள். அவன் போய்விட்டான். அவசரத்தில் மிதுனாவின் துணி யானை பெஞ்சிலேயே கிடந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து வந்தவள் ரித்தீஷின் அம்மா சர்மிளா. கோகிலவாணி போன் செய்ததும் பனியன் கம்பெனியிலிருந்து கழுத்தில் நூல் தூசியோடு வந்தாள். நாற்காலியில் காய்ச்சல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று ராத்திரியே அதை வீட்டில் பார்த்திருந்தாள்.

"உடம்பு சுட்டுதுங்க டீச்சர். காலையில சிரப் குடுத்து எறக்கித்தான் அனுப்புனேன். லீவு போட்டா என் மெஷின்ல வேற ஆளை உக்கார வெச்சிருவாங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கோகிலவாணிக்கு ஒரு கணம் சுருக்கென்று கோபம் வந்தது. சர்மிளாவின் கையைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது. அந்தக் கை இன்னும் துணி தைத்துக்கொண்டிருந்தது. துணியும் இல்லை, மெஷினும் இல்லை. விரல்கள் மட்டும் ஒரு சட்டையின் தோளை மடித்து மடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன.

மறைக்காமல் சொன்னதே பெரிய காரியம் என்றாள் கோகிலவாணி. பையன் ஒரு வாரமாக யாரோடு விளையாடினான், யார் டம்ளரில் குடித்தான் என்று மெதுவாகக் கேட்டாள். சர்மிளா ஒன்றையும் விடாமல் சொன்னாள். போன வாரம் ஒரு காதுகுத்து. அங்கே இந்தப் பள்ளிக் குழந்தைகள் வேறு சிலரும் வந்திருந்தார்கள். ஒரே தட்டில் லட்டைப் பிட்டுத் தின்றார்கள். கோகிலவாணி அந்தக் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். இரண்டு பேரின் நாக்கு நுனியில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. அவர்களைத் தனி அறையில் உட்கார வைத்தாள். ரித்தீஷைச் சர்மிளா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மீதிக் குழந்தைகள் கை கழுவப் போக வேண்டியிருந்தது. வழக்கமாகத் தாழ்வாரத்தின் கடைசியில் குழாய் இருக்கும். அன்றைக்குத் தாழ்வாரம் நீண்டுவிட்டது. குழாய் தளி ரோட்டைத் தாண்டி எங்கேயோ தெரிந்தது. மாராத்தாள் ஒரு சோப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு குழந்தைகளை வரிசையில் நடத்திக்கொண்டு போனாள். யாரும் யாரையும் தொடக்கூடாது, கையை மூக்கில் வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். தாழ்வாரம் மண்டியின் நடுவே போயிற்று. ஏலம் கூவிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். ஒரு வியாபாரி எழுந்து நின்று தன் கையையும் பார்த்துக்கொண்டார். பிறகு அவரும் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார்.

சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வந்தார்கள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று எல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தது. தன் கை தனக்கே அடையாளம் தெரியவில்லை என்று வியாபாரி சொன்னாராம்.

குழந்தைகள் டாக்டர் சாலமன் அந்த வாரம் பொள்ளாச்சி பஸ்ஸில்தான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் பள்ளி வாசலில் நின்றது. டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. டாக்டர் சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பேசினார். இதற்கென்று தனி மருந்து கிடையாது. வாய்ப்புண்ணுக்கு இதமாகக் குளிர்ந்த தயிர்சாதம், இளநீர். தண்ணீர் குடிக்காமல் குழந்தை துவண்டுபோனால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். கொப்புளம் காய்கிற வரை வீட்டில் இருக்கட்டும். காய்ந்த பிறகும் கை கழுவுவதை விடக்கூடாது. டம்ளர், துண்டு, பொம்மை எதையும் பங்கு போடக்கூடாது. பின் சீட்டில் இருந்தவர்கள் ஆமாம், ஆமாம் என்றார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். டாக்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாலையில் பெற்றவர்கள் வாசலில் கூடினார்கள். கோகிலவாணி படியில் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். யார் வீட்டுப் பிள்ளை கொண்டுவந்தது என்று மட்டும் சொல்லவில்லை. மிதுனாவைப் பற்றிச் சொன்னாள். கொஞ்ச நாள் பள்ளியை மூட வேண்டும், எல்லாரும் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். சொல்லும்போதே அவர்களிடம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

ஒருவர் தன் குழந்தைக்குத்தான் ஒன்றுமில்லையே என்று தொடங்கினார். பாதியில் நிறுத்திக்கொண்டார். மில்லில் ஷிப்ட் பார்க்கிற ஓர் அம்மா, தானும் பக்கத்து வீட்டுக்காரியும் முறை மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்ததாகவும், அப்படிச் செய்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று இப்போது புரிவதாகவும் சொன்னாள்.

"அவங்கவங்க வீட்ல அவங்கவங்க பாத்துக்கறமுங்க டீச்சர்" என்றாள்.

அவ்வளவுதான். கலைந்து போனார்கள். அன்று சாயங்காலம் தெருவில் இருந்த வீடுகள் ஒன்றைவிட்டு ஒன்று கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டன. ஒட்டுச் சுவர் வைத்துக் கட்டிய வீடுகள்கூட நடுவில் ஓர் ஆள் போகிற அளவு இடம் விட்டன. நகராட்சி ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளியில் கோகிலவாணியும் மாராத்தாளும் காய்ச்சலும் மட்டும் இருந்தார்கள். ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பெண்கள் இருவரும் பெஞ்சு, கதவுப்பிடி, பாய், ஊஞ்சல் சங்கிலி எல்லாவற்றையும் துடைத்தார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் பொம்மைகள் தாமே வரிசையில் வந்து நின்றன. ஒட்டகம் மட்டும் தன் முறை வருவதற்குள் இரண்டு தடவை வரிசையைவிட்டு வெளியே போனது. மாராத்தாள் அதைக் கழுத்தைப் பிடித்து முக்கி எடுத்தாள்.

காய்ச்சல் நாற்காலியிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தது. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் அதற்குச் சலிப்பாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் விட முடியுமா என்று கேட்டது. கோகிலவாணி முடியாது என்றாள். வாசலோடு போன பால்காரரைக் கூப்பிட்டது. அவர் சைக்கிளை நிறுத்தி வணக்கம் சொல்லிவிட்டு, எட்டவே நின்று பாலை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். காஸ் சிலிண்டர் போடுகிறவரும் அப்படியே.

"ரொம்ப மரியாதையான ஊருங்க" என்றது காய்ச்சல். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. முகத்தின் வட்டமும் சிறுத்திருந்தது.

புதன்கிழமை மத்தியானம் நடராசு வந்தான். மழையில் கேட்டுக்கு வெளியே நின்றான். மிதுனா மாத்திரை போட மாட்டேன் என்கிறாளாம். யானை முதலில் சாப்பிட்டுக் காட்ட வேண்டுமாம், பிறகுதான் அவள் சாப்பிடுவாளாம். திங்கள் ராத்திரி எப்படியோ சமாளித்துவிட்டார்கள். நேற்று துப்பிவிட்டாள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண் இமை மறுபடியும் வீங்க ஆரம்பித்திருக்கிறது.

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். யானை காய்ச்சலின் மடியில் இருந்தது.

காய்ச்சல் அதன் தும்பிக்கையைத் தடவிக்கொண்டிருந்தது. "எடுத்துக்கங்க" என்று நடராசைப் பார்த்து நீட்டியது. "நான் சின்னதா ஒரு ஓரமா ஒட்டிக்கறனுங்க. வழி நெடுக ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

நடராசின் கை கேட்டின் மேல் இருந்தது. அவன் அதைத் திறந்துவிடுவான் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. பெற்றவன் வேறு என்ன செய்வான். ஆனால் அவன் கையை எடுத்து, இரண்டு கையையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். நிக்கறனுங்க."

மாராத்தாள் யானையை வாங்கிக் கொதிநீரில் போட்டுச் சோப்பில் அலசினாள். பிழிந்தாள். கொடியில் போட்டாள். மழைக்காலத்துக் காற்றில் யானை சொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே பஞ்சு. ஈரம் போகிற வழியாக இல்லை. ஊரில் இரண்டு நாளாகக் கரண்டும் இல்லை. நன்றாகக் காயாமல் குழந்தையிடம் கொடுக்கக்கூடாது என்று மாராத்தாள் உறுதியாக இருந்தாள். பொழுது சாய்வதற்குள் மாத்திரை கொடுத்தாக வேண்டும் என்று நடராசு சொன்னான். சொல்லிவிட்டு லாரியில் போய் உட்கார்ந்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். வெளியில் இருந்து பார்க்கும்போது கண்ணாடியின் உள்பக்கம்தான் நனைந்திருந்தது.

மாராத்தாள் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெயில் இருந்தா வேணும் என்று சத்தம் போட்டுச் சொன்னாள். எதிர்வீடு கேட்டு அடுத்த வீட்டுக்குச் சொன்னது. அது அதற்கடுத்த வீட்டுக்குச் சொன்னது. தள்ளி நின்ற வீடுகளானாலும் காது கேட்கிற தூரம்தான்.

சில வீட்டு மொட்டை மாடிகளில் போன மாதத்து வெயில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வடாம் போடுவதற்காக எடுத்து வைத்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் முறத்தில் கொண்டுவந்தார். ஒருவர் தூக்குப்போசியில் மூடி போட்டு, மேலே குடை பிடித்துக் கொண்டுவந்தார். ஷிப்டுக்குப் போகாத அந்த அம்மா ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். நடக்கும்போது விளிம்பில் தளும்பிக் கொஞ்சம் ரோட்டில் சிந்தியது. கை கழுவிய வியாபாரி தக்காளிப் பெட்டியில் வைக்கோல் போட்டு எடுத்து வந்தார். ஒவ்வொருவராக வந்து கேட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்கள்.

சர்மிளா வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. அந்த மாடியில் நல்ல வெயில் கிடப்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவள் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறக்கவில்லை. யாரோ முகம் சுளித்தார்கள்.

கோகிலவாணி கொண்டுவந்த வெயிலையெல்லாம் கொடிக்கடியில் சேர்த்து வைத்தாள். யானையிலிருந்து ஆவி கிளம்பியது. காது காய்ந்தது. முதுகு காய்ந்தது. மாராத்தாள் அதன் வயிற்றை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினாள். சுத்தமான பையில் போட்டு நடராசிடம் நீட்டினார்கள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி முன் சீட்டில் வைத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

இருட்டுவதற்குள் போன் வந்தது. யானை சாப்பிட்டதாம். மிதுனாவும் சாப்பிட்டாளாம். கோகிலவாணி சரிங்க என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் காவலாட்களின் குறட்டை கேட்டது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. அது அவளுக்குத் தாலாட்டு போலிருந்தது.

அதற்குப் பிறகு காய்ச்சல் நாளுக்கு நாள் சிறுத்தது. வேட்டி துண்டாயிற்று. துண்டு கைக்குட்டையாயிற்று. ஒரு நாள் காலையில் பார்த்தபோது நாற்காலியில் நாட்டுத் தக்காளி அளவுக்கு இருந்தது. இந்த ஒப்புமை அதற்குப் பிடிக்கவில்லை. ரித்தீஷின் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. நாக்கில் புள்ளி போட்ட மற்ற இரண்டு குழந்தைகளும் தயிர்சாதம் கேட்டு அடம்பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார்கள். வேறு எந்த வீட்டிலும் உடம்பு சுடவில்லை.

கடைசியில் அது ஒரு விதை அளவுக்கு வந்தது. அப்போதுதான் அதற்குச் சுயமாக நகர முடிந்தது. உருண்டது. படியில் இறங்கி, வாதாம் மரத்தைத் தாண்டி, கேட்டருகே நின்றது.

"வர்றனுங்க டீச்சர்" என்றது.

கோகிலவாணிக்குச் சங்கடமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது போயிட்டு வாங்க என்றுதான் சொல்லிப் பழக்கம். அந்த இரண்டாவது வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"போங்க" என்றாள்.

காய்ச்சல் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக்கடை ஓரமாக உருண்டு போயிற்று.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் காலை, கோகிலவாணிக்கு மூச்சு முட்டியது. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தாள். இல்லை. உள்ளே நன்றி சேர்ந்துவிட்டிருந்தது. வகுப்பறைக்குள் பார்த்தால் அங்கேயும் சுவரோரம் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தது. கதவு திறக்க வழியில்லை. குழந்தைகள் எங்கே உட்காருவார்கள் என்று மாராத்தாள் கேட்டாள். கோகிலவாணி நடராசுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் லாரியும் காலித் தக்காளிப் பெட்டிகளும் கொண்டுவந்தான். மூன்று பேருமாக அதைப் பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள். பார்வைக்குப் பெட்டிகள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் லாரியின் டயர் அமுங்கியது.

வீடு வீடாக இறக்கினார்கள். பால்காரருக்கு ஒன்று. கண்டக்டருக்கு ஒன்று. வியாபாரி தன் பெட்டியைத் தூக்க முடியாமல் மகனைக் கூப்பிட்டார். ஷிப்டுக்குப் போகாத அம்மா, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எங்கே வைப்பது என்று யோசித்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

சர்மிளா வீட்டுக்குக் கடைசியில் போனார்கள். இருப்பதில் பெரிய பெட்டி அவளுக்கு. கதவைத் தட்டிய பிறகும் அவள் உடனே வரவில்லை. வந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை சும்மா இருந்தது. மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்களாம். அடுத்த வாரம் வேறு கம்பெனியில் வரச் சொல்லியிருக்கிறார்களாம்; பார்க்கலாம் என்றாள்.

அப்புறம் பெட்டியைப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குங்க டீச்சர். எங்க வீட்ல இருந்துதான கெளம்புச்சு. அன்னிக்கு வெயில்கூட நான் கொண்டாரலை."

"உங்க கையில இருந்து வந்திருந்தா அதுல என்ன ஒட்டிட்டு வந்திருக்குமோ. தெருவே பாத்துட்டு நிக்கறப்ப கதவைத் தெறக்காம நின்னீங்களே. அது எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் கோகிலவாணி.

சர்மிளா குனிந்து பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"காலியா இருக்குதுங்களே."

"ஆமாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அதுக்குத்தான்."

சர்மிளா சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறு பக்கத்தைக் கோகிலவாணி பிடித்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். வாசல் அவர்களுக்காகக் கொஞ்சம் அகன்று கொடுத்தது.